பாக்கர் காக்காவின் தலைவலி

“அதோ, அந்த வீடுதான் சார். பெட்டியை ஒளிச்சு வைக்கிறதுக்குள்ள போங்க!”

ஜீப் நிற்குமுன்பே பாக்கர் காக்கா கையை நீட்டிவிட்டார். நெற்றி நிறையத் தலைவலிப் பற்று. சாட்சிக்கு அதுவும் வேண்டுமே! கீழக்கரையில் எங்கள் தெருவில் அன்றைக்கு ஒரு வீட்டிலும் உலை வைக்கவில்லை. எல்லாரும் வாசலில்தான்.

வந்தவர் சேதுராமன், ஒயர்லெஸ் அலைகளை அளக்கும் அதிகாரி. ஒரு கையில் திரை வைத்த அளவுக் கருவி, இன்னொரு கையில் சாக்குப்பையும் சீல் வைக்க அரக்கும். அந்தச் சாக்கைப் பார்த்ததுமே பக்கத்து வீட்டுத் தாஜுன்னிசாவுக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

பெட்டி அவள் புருஷன் சதக் போன லீவில் சவுதியிலிருந்து கொண்டுவந்தது. கம்பி இல்லாமலே வீடு முழுக்க இன்டர்நெட் தரும். இப்போது அவன் அங்கே சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து அறையில் படுத்துக் கிடக்கிறான். சாயங்காலமானால் கம்ப்யூட்டர் திரையில் வந்து, கால் விரலை அசைத்துக் காட்டுவான். அதைப் பார்த்தால்தான் இவளுக்குச் சோறு இறங்கும்.

“காக்கா, நீங்களா மனுப் போட்டீக?”

“நாந்தான். பக்கத்துல இருக்கிறவன் தலை வெடிச்சுச் சாகணுமா? அலையை எம்புட்டு வேகத்துல விடலாம்னு சட்டம் ஒண்ணு இருக்குல்ல, அதை அளந்து பாத்துருவோம்.”

அவரிடம் இரக்கத்தை எதிர்பார்ப்பவர்கள் தெருவுக்குப் புதிதாகத்தான் இருக்க வேண்டும். பெற்ற மகள் ஜுனைதா தனக்குப் பிடித்தவனை நிக்காஹ் செய்துகொண்டு மலேசியா போனபோது, “இனி அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்” என்று நடுத்தெருவில் நின்று கத்திய மனுஷன். அங்கே பிள்ளை பிறந்த சேதி வந்தபோதுகூட ஒரு பூந்திப் பொட்டலம் வாங்கவில்லை. நாங்கள் கவனித்துக்கொண்டுதான் இருந்தோம்.

சேதுராமன் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தார். “மாடியில ஆன்டெனா இருக்குன்னு மனுவுல இருக்கே. எங்கம்மா?”

“இருந்துச்சு சார். தெருக்கோடியில நாத்தனா வீட்டுக்கும் எட்டட்டுமேன்னு கம்பு நட்டு வச்சிருந்தேன். அக்கரையில சண்டை நடக்குது, கம்பைப் பாத்தா சிலோனுக்குப் பேசுறியான்னு போலீசு வரும்னு சொன்னாக. பயந்துபோயிப் போன மாசமே இறக்கிட்டேன்.”

அதிகாரி பாக்கர் காக்கா பக்கம் திரும்பினார். “உங்களுக்குத் தலைவலி எப்பருந்து?”

“போன மாசத்துலருந்துதான் சார்!”

“ஆன்டெனாவை இறக்குனதுக்கப்புறமா?”

“அதுக்கப்புறந்தான் சார் தாங்க முடியல.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காக்கா முறைத்தார்.

“சரி, உங்க வீட்டுக்குள்ள ஒரு தடவை அளந்து பாத்துருவோமா?”

“வேணாம் சார், வேணாம். உள்ள பொம்பளைக இருக்காக.”

அவர் மனைவி மலிகா எங்களோடு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வேறு எந்தப் பொம்பளை என்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டோம்.

அதிகாரி தாஜுன்னிசாவின் வீட்டுக்குள் போனார். தெருவும் பின்னாலேயே போய் ஜன்னலில் தொங்கியது. பெட்டிக்கு அருகே கருவியைக் கொண்டுபோனதும் திரையில் பச்சைக் கோடு விர்ரென்று எகிறியது. “யா அல்லா!” என்றாள் தாஜுன்னிசா.

அதிகாரி ஏதோ பொத்தான்களை அமுக்கினார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு சாக்குப்பையை உதறினார்.

“சார், அவுக அங்கன படுத்த படுக்கையாக் கெடக்காக. மொகத்தையாச்சும் பாத்துக்கிறேன் சார், இதைத் தூக்கிட்டுப் போயிராதீக...”

“கொஞ்சம் தள்ளுங்கம்மா.”

சாக்கைத் தரையில் விரித்தார். அதன்மேல் முழங்காலை ஊன்றிக் குனிந்து, பெட்டியின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். மூலையில் கிடந்த ஆன்டெனாவையும் புரட்டிப் பார்த்தார்.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். “இந்த மாதிரிப் பெட்டிக்கு லைசென்சே தேவையில்ல. ஆன்டெனாவோட பலத்தையும் சேத்து நாலு வாட்டு வரைக்கும் போகலாம்னுதான் சட்டம். இது ஒரு வாட்டுல பத்துல ஒரு பங்குகூடத் தேறாது. அந்தக் கம்பைத் திரும்ப மாடியில நட்டாலும் நாலைத் தொடாது. தாராளமா வச்சுக்கங்க.”

தாஜுன்னிசா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் கண்ணெல்லாம் இப்போது பாக்கர் காக்கா மேல். தெருவே பார்க்க மூக்குடைபட்ட மனுஷன், என்ன கத்துக் கத்தப்போகிறாரோ! ஒரு சொல்லும் தப்பிவிடக் கூடாதென்று நெருங்கி நின்றோம்.

அவர் கத்தவில்லை. தாஜுன்னிசாவின் பக்கத்தில் குனிந்தார். அவர் குரல் அவ்வளவு இறங்கி நாங்கள் கேட்டதே இல்லை.

“அதான் சட்டமே சொல்லிருச்சுல்ல, கம்பை மாடியில ஏத்தும்மா. எங்க வீட்டுத் திரையில பேத்தி மொகம் கட்டங்கட்டமாத் தெரியுது.”