கைவண்டியில் வந்த ஓட்டு

"உனக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன் ஃபெம்மி. இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது."

கைவண்டியில் காலை நீட்டி உட்கார்ந்தபடி சொன்னார் கிழவர் வீபே.

"போடாதீங்க மாமா. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கங்க, கடல் காத்து அடிக்குது" என்று ஃபெம்மி வண்டியைத் தள்ளினாள்.

அவள் டச்சு நாட்டில் குரோனிங்கன் நகரத்துப் பக்கத்துச் சிறு துறைமுக ஊரில் மருத்துவச்சி. கால்வாய்த் தண்ணீரைக் குடித்துக் காய்ச்சலில் போன குழந்தைகளில் பாதி அவள் கையில் பிறந்தவை. தெருவுக்குத் தெரு குழாய்த் தண்ணீர் கேட்டு நகர சபைக்கு நடந்து நடந்து அலுத்துப்போய், 1919 தேர்தலில் அவளே நின்றுவிட்டாள். எதிர்த்து நின்றவர் பாலாடைக்கட்டி வியாபாரி ஹாவிங்கா. தேவாலயத்தில் வீபேயின் பக்கத்தில் உட்காருபவர்.

இடுப்பு ஒடிந்து குளிர்காலம் முழுக்கப் படுத்துக் கிடந்த வீபேயை ஓட்டுச்சாவடிக்கு அழைத்துப் போக ஹாவிங்காவின் ஆட்கள் யாரும் வரவில்லை. ஃபெம்மிதான் மீன்காரரிடம் வண்டியை இரவல் வாங்கி வந்தாள்.

வழியெல்லாம் அவர் சீண்டிக்கொண்டே வந்தார். பெண்கள் சபைக்குப் போய்விட்டால் வீட்டில் உருளைக்கிழங்கை யார் வேக வைப்பது என்றார். அது வேகவும் நல்ல தண்ணீர் வேண்டுமே என்றாள் ஃபெம்மி.

பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. அவளுக்கு மூச்சு வாங்கியது. வீபே இந்த முறை கிண்டல் இல்லாமல் கேட்டார்.

"எதிராளிக்குப் போற ஓட்டை எதுக்கும்மா இப்படித் தள்ளிட்டு வர்றே?"

"ஒருத்தர் கையில ஓட்டு இருந்தும் அது சும்மா கிடந்தா எனக்குத் தாங்காது மாமா."

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். வண்டி மேட்டைத் தாண்டியது.

ஓட்டுச்சாவடி பள்ளிக்கூடத்தில் இருந்தது. ஊன்றுகோலோடு உள்ளே போன வீபே, வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஹாவிங்காவுக்குத்தான் போட்டேன். அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனா உன் வண்டியிலயே வந்து உன்னைக் கவுத்தது மனசுக்கு என்னமோ போல இருக்கு. போ, நீயும் உள்ள போய் உன் ஓட்டைப் போட்டுட்டு வா. சரிக்குச் சரி ஆயிடும். வண்டியை நான் பாத்துக்கறேன்."

ஃபெம்மி வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

"ஏறுங்க மாமா. பொம்பளைங்க தேர்தல்ல நிக்கலாம்னுதான் சட்டம் வந்திருக்கு. ஓட்டுப் போடலாம்னு இன்னும் வரல."