இனாம் வறுவல்

"நல்லான் மாதிரி ஒரு கஞ்சனை நான் பார்த்ததே இல்லீங்ணா. ஒரு மொந்தைக் கள்ளு வாங்கினா, தொட்டுக்க ஊறுகாய்கூடக் கெடையாது" என்றான் கன்னையன், வாய் நிறைய ஈரல் வறுவலோடு.

சாமளாபுரம் சாலையில் அப்போது எதிரெதிரே இரண்டு கள்ளுக்கடைகள். மதுவிலக்கைத் தளர்த்திக் கடை திறந்த புதுசு.

நாச்சிமுத்து கடையில் கள்ளுக்கு வறுவல் இனாம். மிளகாய் தூக்கலாக, எண்ணெய் மிதக்க, தட்டுத் தட்டாக வரும். சனிக்கிழமை சாயங்காலம் தறி நின்றதும் அத்தனை பேரும் அங்கேதான். எதிர்க்கடையில் நல்லான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்.

"மனுசன்னா நாச்சிமுத்தண்ணனாட்டம் கை தாராளமா இருக்கோணும்" என்றான் கன்னையன்.

பக்கத்தில் அய்யாசாமி உட்கார்ந்திருந்தான். இருவரும் ஒரே தறிக்கூடம். அய்யாசாமிக்கு வயிற்றுப்புண். காரம், எண்ணெய், கள் மூன்றையும் நிறுத்தச் சொல்லியிருந்தார் டாக்டர். டாக்டருக்கு மரியாதை கொடுத்து அவன் இரண்டை நிறுத்தியிருந்தான்.

அன்றுதான் முதல் முறையாக, வறுவல் தொடாமல் மொந்தையை வாயில் வைத்தான். முகம் சுளித்தது.

"ஏனுங்க நாச்சிமுத்து, இது கள்ளா, பானை கழுவின தண்ணியா?"

நாச்சிமுத்து கோபப்படவில்லை. பரிதாபப்பட்டார்.

"உடம்பு செரியில்லாதப்ப நாக்கு அப்படித்தானுங்க காட்டும். நாலு துண்டு வறுவலைப் போட்டுட்டுக் குடிங்க, செரியாயிரும்."

கடையே சிரித்தது. கன்னையன் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தான்.

அய்யாசாமிக்கு ரோசம் வந்துவிட்டது. மொந்தையை வைத்துவிட்டு எதிர்க்கடைக்கு நடந்தான்.

நல்லான் முதலில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்தார். "வாயைக் கொப்புளிச்சுட்டுக் குடிங்க."

குடித்தான். இனிப்பும் புளிப்புமாக, பாளை வாசனையோடு உள்ளே இறங்கியது. இப்படி ஒரு ருசி இருப்பதையே அவன் மறந்து போயிருந்தான்.

"இத்தனை நல்ல கள்ளை வெச்சுக்கிட்டு எதுக்குங்க ஈ ஓட்டறீங்க? நீங்களும் எதையாவது வறுத்துப் போட்டா என்ன?"

"காரத்துல எரியற நாக்குக்குப் பச்சத்தண்ணியும் அமிர்தமாத்தானுங்க இருக்கும். அதுக்குத்தான் அவரு இனாமாக் குடுக்கறாரு" என்றார் நல்லான். "எங் கள்ளுல மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. நான் எதுக்குக் குடுக்கோணும்?"

அடுத்த வாரம் கன்னையனை, ஒரு துண்டு வறுவல்கூட வாயில் போட விடாமல் இழுத்து வந்தான் அய்யாசாமி. வாயைக் கொப்புளிக்க வைத்து, இரண்டு கடைக் கள்ளையும் அடுத்தடுத்துக் கொடுத்தான்.

கன்னையன் நாச்சிமுத்துவின் கள்ளைத் துப்பினான்.

"அட கெரகமே. இத்தனை நாளா இதையா குடிச்சோம்?"

செய்தி தறிக்குத் தறி பரவியது. நாச்சிமுத்துவின் வறுவலை நாய்கள் தின்றன. கூட்டம் மொத்தமும் சாலையைக் கடந்து நல்லான் கடைக்கு வந்துவிட்டது.

அய்யாசாமியின் மதிப்பு ஏறிப்போயிற்று. அவன் ஒரு வாய் குடிக்கும் வரை யாரும் மொந்தையைத் தொடுவதில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்கள். ஊரில் வயிற்றுப்புண்ணால் பெரிய மனிதர் ஆனவன் அவன் ஒருவன்தான்.

மாதம் ஒன்று போயிருக்கும். ஒரு சனிக்கிழமை நல்லான் கடையை நெருங்கும்போதே அய்யாசாமிக்குக் கமறியது. உள்ளே போய்ப் பார்த்தான். வியர்க்க விறுவிறுக்க நல்லான் ஈரல் வறுத்துக்கொண்டிருந்தார். மிளகாய்த்தூளை அள்ளி அள்ளிப் போட்டார்.

"என்னங்க இது?"

நல்லான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கூட்டம் மூணு பங்காயிருச்சுங்க. மரம் அதேதானுங்களே."

அய்யாசாமிக்கு ஆத்திரம் பொங்கியது. வெளியே அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை போதும். வாசலை நோக்கித் திரும்பினான்.

"உங்குளுக்கு மட்டும் தனிப் பானை எடுத்து வெச்சிருக்கறனுங்க" என்றார் நல்லான் மெதுவாக. "இன்னைக்கு மட்டுமில்லீங்க. எப்பவும்."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அய்யாசாமி வெளியே வந்தான்.

தட்டும் கையுமாகக் கன்னையன் கேட்டான். "கள்ளு எப்படீங்ணா?"

எல்லோரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அய்யாசாமி மீசையைத் துடைத்துக்கொண்டான்.

"தேனாட்டம் இருக்குது. குடிங்கப்பா."