காற்று அந்தப் பக்கம் அடித்தால்

ஒரு தொழுவத்தில் செவலைப் பசுவும் மயிலைப் பசுவும் ஓர் எருமையும் இருந்தன. செவலையின் கன்றை வாய்க்காலுக்கு அக்கரையில் ஒரு வீட்டுக்கு விற்றுவிட்டார்கள். அன்றிலிருந்து செவலை வாசல் பக்கமே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

"எம்மா தாயே, கொஞ்சம் வாயை மூடேன். நிம்மதியா அசைபோட முடியல" என்றது எருமை.

"எனக்குந்தான் போன வருசம் கன்னு போச்சு. நான் இப்படியா ஊரைக் கூட்டுனேன்?" என்றது மயிலை.

"காத்து அந்தப் பக்கம் அடிச்சா அதுக்குக் கேக்கும்க்கா. அம்மா இங்கதான் இருக்கேன்னு தெரிஞ்சுக்கும்" என்று சொல்லிவிட்டு, செவலை மறுபடியும் கத்தியது.

மூன்றாம் நாள் வீட்டுக்காரர் அதன் வாயைக் கட்டக் கயிறோடு வந்தார்.

"அப்பாடா" என்றது எருமை.

கயிறு மூக்குக்குக் கிட்டே வந்ததும், செவலை அவசர அவசரமாக ஒருதரம் கத்திக்கொண்டது. அதைப் பார்த்த மயிலை தானும் கத்தியது.

"உனக்கு என்னடி ஆச்சு?" என்றது எருமை.

"இவ கத்துறது எனக்கு இப்பவும் பிடிக்கல. அந்தக் கயிறு அதைவிடப் பிடிக்கல. நீயும் கத்து."

எருமையும் கத்தியது. வீட்டுக்காரர் கையிலிருந்த ஒரே கயிற்றையும் மூன்று வாய்களையும் பார்த்தார். கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

எருமை படுத்துக்கொண்டது. செவலை மூச்சு வாங்க நின்றது. மயிலை மட்டும் நிறுத்தவில்லை.

"உன் கன்னு எந்தப் பக்கம்க்கா?" என்று செவலை கேட்டது.

"தெரியலையே" என்ற மயிலை, நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கத்தியது.