ஆறு மணிக்குள் உறையணும்

"அக்கா, கதவைத் திறங்க! குடி முழுகிப் போச்சு!"

கீழ் வீட்டு அக்கா கதவைத் திறந்தபோது, மாடி வீட்டுக்காரன் இடுப்பில் குழந்தையும் கையில் சொட்டச் சொட்ட ஒரு டப்பாவுமாக நின்றான். எட்டு மாதக் குழந்தை அப்பாவின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது.

"என்னப்பா ஆச்சு? குழந்தைக்கு ஏதாவது...?"

"குழந்தை நல்லாத்தான் இருக்கா. அவ சாப்பாடுதான் போச்சு. நேத்து சாயந்திரம் இவ சட்டையெல்லாம் இஸ்திரி போடலாம்னு பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்ப மாட்ட மறந்துட்டேன். காலையில திறந்து பார்த்தா உறைய வச்சதெல்லாம் உருகிக் கூழாக் கிடக்கு."

ஊரிலிருந்து வரும் மனைவி மெச்ச வேண்டும் என்று இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. வினையாக முடிந்துவிட்டது.

மனைவி நான்கு நாள் பயிற்சிக்குப் போயிருந்தாள். பிரசவத்துக்கு முன் பார்த்த வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். கிளம்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள்: "நான் வரும்போது எல்லாம் ஒழுங்கா இருந்தா வேலைக்குப் போறேன். ஏதாவது சொதப்பி வச்சீங்க, நான் வீட்டோட இருந்துடுவேன்." அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். தன்னால் அது போய்விடக் கூடாது என்றுதான் அவன் கீழே ஓடி வந்தான்.

"ஞாயித்துக்கிழமை பூரா எங்க ரெண்டு பேரையும் பூங்காவுக்கு விரட்டிட்டு, ஒண்டியா நின்னு ஒரு வாரத்துக்கு செஞ்சு வச்சா அக்கா. இன்னும் மூணு டப்பா மீதி இருக்கணும். இன்னிக்கு சாயந்திரம் ஆறு மணிக்கு வந்ததும் முதல்ல பிரிட்ஜைத்தான் திறப்பா."

"அதையே மறுபடி உறைய வச்சுடறதுதானே?" என்று அக்கா அவன் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கும் அந்தப் புத்தி வந்துச்சு. அவளுக்குத் தெரியாது. குழந்தை வயித்துக்குத் தெரியுமே! மத்ததைக் கொட்டிட்டேன். இது உங்களுக்குக் காட்டத்தான். இதே நிறம், இதே பதம் வரணும். அவளுக்கு மட்டும் தெரியவே கூடாது அக்கா."

அக்கா டப்பாவைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "கேரட், பூசணி, ஆப்பிள். உப்பு கிடையாது. ஓடிப்போய் வாங்கிட்டு வா."

"பார்க்காமயே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"காப்பகத்துல தினம் முப்பது குழந்தைக்குச் சமைக்கிறேன். இதுகூடத் தெரியாதா?"

நம்ம ஆள் ஓடினான். திரும்பி வந்தபோது இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. அக்கா தோல் சீவினார், நறுக்கினார், ஆவியில் வேகவைத்தார். அவன் மசித்தான். மசித்த கையோடு ஆவி பறக்கும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் பாய்ந்தவனை அக்கா சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆறட்டும்பா! சூடா உள்ள வச்சா பக்கத்துல இருக்கறதும் கெட்டுப் போகும்."

கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துவிட்டு, அவன் செய்தித்தாளால் விசிறினான். திடீரென்று தலையில் கை வைத்தான்.

"அய்யய்யோ! அவ வச்சதெல்லாம் பூப்பூவா இருக்கும். அந்தத் தட்டை வீடு பூரா தேடிட்டேன், எங்க வச்சாளோ!"

அக்கா அலமாரியைத் திறந்து பூ வடிவ ஐஸ் தட்டு மூன்றை எடுத்து வைத்தார். "காப்பகத்துக்குன்னு வாங்கினது."

"நீங்க தெய்வம் அக்கா!"

பன்னிரண்டு மணிக்குத் தட்டுகள் உறைபெட்டிக்குள் போயின. அதன் பிறகுதான் அவனுடைய உண்மையான பாடு ஆரம்பித்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து விரலால் அழுத்திப் பார்த்தான். உட்கார்ந்தான், எழுந்தான். நேராக இருந்த திரைச்சீலையை இன்னும் நேராக்கினான். குழந்தை தரையில் கரண்டியைத் தட்டும்போதெல்லாம் அழைப்பு மணியோ என்று துள்ளினான்.

எட்டிப் பார்க்க வந்த அக்கா கத்தியே விட்டார். "இப்படித் திறந்து திறந்து பார்த்தா அது எந்தக் காலத்துல உறையும்? கையைக் கட்டிக்கிட்டு உட்காருப்பா!"

ஐந்தரைக்கு அழுத்தினான். கல்! மனைவி கையால் தேதி எழுதி ஒட்டிய மூன்று டப்பாக்களிலும் பூக்களைத் தட்டிக் கொட்டினான். கடைசி மூடியைப் போட்டபோது நிஜமாகவே மணி அடித்தது.

தோள்பையைக்கூட இறக்காமல் குழந்தையை அள்ளி முத்தமிட்டவள், நேரே போய் பிரிட்ஜைத் திறந்தாள். டப்பாக்களை எண்ணினாள். ஒரு பூவைச் சூடாக்கி நாக்கில் வைத்தாள். நம்ம ஆள் திரைச்சீலையை மறுபடி நேராக்கினான்.

"வச்சது வச்ச மாதிரியே இருக்கு," என்றாள். "சமாளிச்சுட்டீங்களே! திங்கட்கிழமை சரின்னு சொல்லிடறேன்."

"என்ன இருந்தாலும் உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்!" என்று அவன் சந்தடி சாக்கில் ஐஸ் வைத்தான். அவளுக்குப் புரையேறியது. இருமிக்கொண்டே குளிக்கப் போய்விட்டாள்.

காலித் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு அவன் கீழே ஓடினான்.

"தப்பிச்சேன் அக்கா! அவ செஞ்சதுக்கும் நீங்க செஞ்சதுக்கும் இம்மி வித்தியாசம் இல்லை!"

"எப்படிப்பா இருக்கும்?" அக்கா தட்டுகளை வாங்கி அலமாரியில் அடுக்கினார். "ஒரு ரகசியம்னா காப்பாத்திடலாம், ரெண்டு ரகசியம் என் வயித்துல தங்காது. போன ஞாயித்துக்கிழமை உன் பொண்டாட்டி தீய்ஞ்ச சட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து, 'அவருக்கு மட்டும் தெரியவே கூடாது அக்கா'ன்னு நின்னதும் இதே வாசல்லதான்!"