ஒயினுக்கு ஒரு பெட்ரூம்

"இருக்கிறதே ரெண்டு பெட்ரூம். அதில் ஒண்ணைத் தூக்கி பாட்டிலுக்குக் கொடுக்கப் போறீங்களா சார்?"

இன்டீரியர் டிசைனர் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டுவிட்டாள். ஒன்பதாவது மாடியில் புத்தம்புது ஃப்ளாட். பெயின்ட் வாசனை கூடப் போகவில்லை.

பல் டாக்டர் அசைந்து கொடுக்கவில்லை. கிளினிக்கை மூடிவிட்டு ஓய்வாக இருப்பவர்.

"ஆமாம்மா. எங்களுக்கு ஒயின்னா உயிர். வீட்டுக்கு நடுநாயகமா ஒயின் ரூம். கண்ணாடிக் கதவு. உள்ளே எந்நேரமும் ஜில்லுன்னு இருக்கணும்."

'எங்களுக்கு' என்றதும் பக்கத்தில் நின்ற அவர் மனைவி, கணக்கு டீச்சர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஹாலுக்கும் உங்க பெட்ரூமுக்கும் ஏசி?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம். எனக்கு சைனஸ். ஏசி காத்து பட்டா தும்மியே போய்ச் சேர்ந்துடுவேன்."

மனுஷருக்கு இல்லாத ஏசி பாட்டிலுக்கு! டிசைனர் பல்லைக் கடித்தாள். பல் டாக்டர் முன்னால் அதையும் பார்த்துத்தான் கடிக்க வேண்டியிருந்தது.

"சரி சார். எந்த நாட்டு ஒயின் அதிகம் வச்சிருக்கீங்க? அதுக்கேத்த மாதிரி ரேக் போடலாம்."

"சிவப்பு."

"அது கலர் சார்."

"அந்தக் கலர்ல எல்லா நாட்டுதும் இருக்கும்மா."

"பாட்டிலைப் படுக்க வைக்கிற மாதிரி போடறேன். அப்பத்தான் கார்க் காயாது."

"சேச்சே, நிக்கட்டும். எந்நேரமும் படுத்தே கிடந்தா யார் உடம்புக்குத்தான் நல்லது?"

டிசைனர் அப்படியே எழுதிக்கொண்டாள். அடுத்து அவர் சொன்னதில்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உள்ளே ஒரு சாய்வு நாற்காலி. நல்லா கால் நீட்டிப் படுக்கிற மாதிரி. பக்கத்தில் படிக்கிற விளக்கு."

"அந்தக் குளிர்ல யார் சார் உட்காருவாங்க?"

"இவதான். ஒயினைத் தனியா விட்டா புளிச்சுப் போயிடும். ராத்திரி பூரா யாராவது துணைக்கு இருக்கணும்."

டீச்சர் மறுபடியும் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பகல் முழுக்க வகுப்பை மேய்க்கிறவள், ராத்திரி பாட்டிலை மேய்க்கணுமா? கட்டின மனைவியை வாட்ச்மேன் ஆக்கப் பார்க்கிறாரே, நல்ல மனுஷன்! வேலையே வேண்டாம் என்று உதறிவிட்டுப் போக இருந்தாள் டிசைனர். டீச்சரின் முகத்தைப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டாள். நாற்காலிக்கு அவளாகவே கெட்டி மெத்தை போட்டாள். கம்பளி வைக்க ஒரு தட்டும் அடித்தாள்.

குடிவந்து கொஞ்ச நாளில் டாக்டரிடமிருந்து போன். கண்ணாடிக் கதவு கிறீச்சிடுகிறதாம்.

போனாள். மஃப்ளரும் கழுத்துமாகக் கதவைத் திறந்தார் டாக்டர்.

"மெதுவா வாம்மா. உள்ளே டீச்சர் டியூட்டியில இருக்கா. நான் டீ போட்டுட்டு வரேன்."

ஒயின் ரூமில் டீச்சர் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். கம்பளி மடிப்புக் கலையாமல் தட்டிலேயே இருந்தது.

டிசைனரால் அடக்க முடியவில்லை. கதவைச் சாத்தினாள்.

"எத்தனை நாள்தான் டீச்சர் பொறுத்துப் போவீங்க? அவர் பைத்தியத்துக்கு நீங்க விறைச்சுச் சாகணுமா?"

டீச்சர் சிரித்தாள்.

"விறைக்கிறதா? எனக்கு மாதவிலக்கு நின்னு போற வயசும்மா. திடீர் திடீர்னு உடம்பு நெருப்பா எரியும். ஒழுங்காத் தூங்கியே வருஷக்கணக்காச்சு. பெட்ரூமுக்கு ஏசி போடலாம்னார். அவருக்கு ஆகாதே, வேண்டாம்னுட்டேன். சரி, உனக்குத் தனி ரூம்னார். ஒருத்திக்கு ஒரு ரூமா, நான் என்ன மகாராணியான்னு சண்டை பிடிச்சேன். மறுநாள் காலையில எழுந்து உட்கார்ந்து, 'எனக்கு ஒயின்னா உயிர்'னாரே பார்க்கணும்!"

டிசைனர் வரிசையாக நின்ற பாட்டில்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அப்ப இதெல்லாம்?"

"திராட்சை ஜூஸ். காலி பாட்டில் எங்கேயோ வாங்கி, சமையலறைல ஒளிஞ்சு நின்னு அவரே ஊத்தி மூடறார்."

வெளியிலிருந்து டாக்டரின் குரல் வந்தது.

"என்ன, எல்லாம் புளிக்காம இருக்கா?"

"இருக்கு, இருக்கு! நான் எழுந்து போனாத்தான் புளிக்கும்!" என்று கத்திச் சொன்ன டீச்சர், டிசைனரின் கையைப் பிடித்து இழுத்துக் காதோரம் குனிந்தாள்.

"அவர்கிட்ட மூச்சு விட்டுடாதேம்மா. ஒரு கணக்கு டீச்சரை ஏமாத்திட்டோம்னு மனுஷன் சந்தோஷத்தில் மிதக்கிறார்!"