அடுத்தவன் ஹெல்மெட்

லார்சனும் டூபேயும் எதிரெதிர் ஐஸ் ஹாக்கி அணிகள் அடிதடிக்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆட்கள். சண்டைக்கு முன் தன் ஹெல்மெட்டைத் தானே கழற்றுகிறவனுக்குத் தண்டனை என்று அந்த வருடம் விதியை மாற்றினார்கள். ஹெல்மெட்டில் குத்தினால் விரல்தான் உடையும். அடுத்தவன் கழற்றிவிடுவதைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. அன்று இருவரும் மோத நின்றபோது டூபே முதலில் லார்சனுடையதைக் கழற்றினான். பிறகு லார்சன், டூபேயின் தாடைக்கடியில் விரல்விட்டு வாரை அவிழ்த்து, காதில் உரசாமல் ஹெல்மெட்டைத் தூக்கினான். போன ஆட்டத்தில் தான் உடைத்த மண்டையில் இன்னும் தையல்கூடப் பிரிக்கவில்லை. அதைத் தொட்டுப் பார்த்தான். அரங்கமே அடி, அடி என்று கத்தியது. டூபே கண்ணை மூடிக்கொண்டான்.

"வலிக்குதாடா?"

"இல்ல. கைய எடுக்காத. கொஞ்ச நேரம் அப்படியே இரு."

லார்சனின் இடது கை அந்தத் தலைமேலேயே இருந்தது. வலது கை முஷ்டியாக மடங்கிக்கொண்டிருந்தது.