ஏழாம் எண் வீட்டுக் கழிவறை

வடக்குத் தெருவில் மூன்று மாதமாக ஒருவருக்கும் நோயில்லை. அப்படித்தான் உணர்கருவி பொருத்திய அந்தத் தெரு வீட்டுக் கழிவறைகள் நகராட்சிக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. காலராக் கிருமி ஒன்று குழாயில் இறங்கினாலும் போதும், அடுத்த மணி நேரத்தில் வண்டி வந்து ஆளை நோயாளிகளை அடைத்துவைக்கும் முகாமுக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். முகாமுக்குப் போய்த் திரும்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஏழாம் எண் வீட்டுக் கழிவறையில் நான்கு நாளாகத் தண்ணீரே ஓடவில்லை. விசாரிக்க வந்தாள் சுகாதார ஆய்வாளர் பூங்கோதை.

"ஊருக்குப் போயிருந்தோம் மேடம்," என்றாள் வீட்டுக்காரி ரெஜினா. உள்ளே ஒரு குழந்தை முனகியது.

பூங்கோதை கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தாள். கதவோரம் ஈரம் காயாத பிளாஸ்டிக் சொம்பு இருந்தது. அங்கிருந்து புதிதாக ஓர் ஒற்றையடித் தடம் ஓடைக்கரைக்கு இறங்கியது. அந்த ஓடை ஊர் குடிக்கும் ஏரியில்தான் போய் விழுகிறது.

"பிள்ளைக்கு எத்தனை நாளா வயித்தால போகுது?"

"எம் மூத்தவன நீங்கதான மேடம் வண்டியில ஏத்துனீங்க," என்றாள் ரெஜினா, தலையை நிமிர்த்தாமல்.

பூங்கோதை பதிவேட்டை எடுத்தாள். அதில் 'வெளியூர்' என்று பதிந்துவிட்டு வெளியேறினாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் பூங்கோதை வீட்டில் அவள் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினாள். பூங்கோதை குறுக்கே பாய்ந்து கதவைப் பூட்டினாள். பிறகு ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு மகள் கையில் கொடுத்தாள்.